புழுங்கல் அரிசியும் அறிஞர் மறுநோக்கும்

ஓர் ஆய்வுரையின் பெருமையை அளப்பதற்கு அறிவியலார் ஒரு வழி வைத்திருக்கின்றனர். அவ்வுரையைப் பின்வந்தோர் எத்தனை பேர் எடுத்தாண்டனர், எத்தனை கட்டுரைகளில் மேற்கோளாகக் காட்டினர் என்று எண்ணிப் பார்ப்பதே அவ்வழி. தமிழிலக்கணத்தில் தொல்காப்பிய நூற்பாக்களை உரையாசிரியர் வழிவழியாக எடுத்துக் காட்டி வருவது போன்றதே இது. ஆயினும் இதனினும் கடுமையான உரைகல் ஒன்றுண்டு. தம் ஆய்வு உலகப்புகழ் பெற்றுப் பல்லாண்டுகள் கழிந்தபின், அதனைச் செய்தவரே திரும்பிப் பார்த்து, "நான் கண்டது இவ்வளவு, காணத் தவறியது இவ்வளவு, எனக்கு முன்னரே கண்டவர் இன்னார்" என்று கூறுகின்றாரா என்பதே அவ்வுரைகல்.

இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கத்தக்க ஆய்வுகளுள் ஒன்று கோலாலம்பூரிலே நடைபெற்றது. உயிர்ச்சத்து, அதாவது வைட்டமின் என்ற கருத்து உலகில் உருப்பெற்ற வரலாற்றில் நம் நகருக்கு ஓர் உறுதியான இடம் உண்டு. அவ்வரலாற்றின் நடுவே தமிழ்த் தொழிலாளியின் சோற்றுப் பானையும் இருக்கின்றது. தமிழாசிரியர் பலர் இதனை அறிந்திருப்பர், அறியாதாரும் உளர். ஆதலின் அதனை முறையாகக் காண்போம்.

நோயும் அதன் காலமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களை நாடிச் சீனத் தொழிலாளர் பெருந்திரளாக வந்தனர். அவர்களுள் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோன நோய் பெரிபெரி. கால்கள் மரத்துப் போகும், நடை தளரும், உடல் வீங்கும், இறுதியில் நெஞ்சு செயலற்று உயிர் பிரியும். நல்ல உடற்கட்டுள்ள இளைஞரே மிகுதியாக மாண்டனர். மருத்துவமனைகளில் படுக்கை போதவில்லை. சிறைச்சாலைகளிலும் மனநோயாளர் விடுதியிலும் இந்நோய் நிலையாகத் தங்கிவிட்டது.

1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பெற்றது. அதுவே பின்னர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று பெயர் பெற்றுப் பகாங் சாலையில் பல்லாண்டு இயங்கியது. அதன் முதல் தலைவர் ஹாமில்டன் ரைட். பெரிபெரிக்கு ஒரு நுண்கிருமியே காரணம், அது வாய்வழியாக உடலுள் புகுகின்றது என்று அவர் 1902ஆம் ஆண்டில் எழுதினார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. பாஸ்டரும் காக்கும் நுண்கிருமிகளைக் கண்டறிந்து உலகை வியக்கச் செய்த காலம் அது. எந்த நோயைக் கண்டாலும் அதன் கிருமி எங்கே என்று தேடுவதே அன்றைய வழக்கம். இல்லாத ஒன்று நோயைத் தரும் என்று எண்ணுவதற்கு அன்றைய மருத்துவர் பழகியிருக்கவில்லை.

மூன்று இனம், மூன்று சோறு

கிருமியைத் தேடாமல் சோற்றைப் பார்த்தவர் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த பிராடன். சிரம்பான் வட்டாரத்தில் பல்லாண்டு பணியாற்றிய அவர் ஒன்றைக் கவனித்தார். ஒரே நாட்டில், ஒரே வெயிலிலும் மழையிலும் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் வாழ்கின்றனர். பெரிபெரியோ பெரும்பாலும் சீனரையே பற்றுகின்றது. வேறுபாடு எங்கே?

சீனத் தொழிலாளர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளையரிசி. சயாமிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் மூட்டைகளில் வந்தது. மலாய்க் குடியானவர் தம் வயலில் விளைந்த நெல்லை வேண்டும்போது தாமே உரலிலிட்டுக் குற்றி உண்டனர். அதில் தவிடு ஓரளவு ஒட்டியிருந்தது. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின்னரே அதனைக் குற்றினர். புழுங்கல் உண்டோர் நோயின்றி இருந்தனர்.

இக்கருத்தை விரிவாக எழுதி 1907ஆம் ஆண்டில் பெரிபெரியின் காரணமும் தடுப்பும் பற்றிய ஒரு பெருநூலாகப் பிராடன் வெளியிட்டார். அவர் கண்ட காட்சி சரியானது. ஆனால் கூறிய காரணம் சரியன்று. ஆலையரிசி நாட்பட நாட்பட அதில் ஒரு நஞ்சு தோன்றுகின்றது, அந்நஞ்சே நோயைத் தருகின்றது என்று அவர் கருதினார். நெல்லை அவிக்கும்போது அந்நஞ்சு தோன்றுவது தடைப்படுகின்றது என்பது அவர் கொண்ட விளக்கம்.

விடுதியில் நடந்த சோதனை

பிராடன் கூற்றைச் சோதித்தவர் கோலாலம்பூர் மாவட்ட மருத்துவர் வில்லியம் பிளெட்சர். இடம், நகரின் மனநோயாளர் விடுதி. 1905ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கி 1906ஆம் ஆண்டு முடிய அச்சோதனை நடந்தது. விடுதியில் இருந்தோரை வரிசையாக நிறுத்தி எண்ணினர். ஒற்றைப்படை எண் பெற்றோர் ஒரு பக்கம். இரட்டைப்படை எண் பெற்றோர் மற்றொரு பக்கம். ஒரு சாராருக்குத் தீட்டிய வெள்ளையரிசிச் சோறு. மறு சாராருக்குப் புழுங்கல் அரிசிச் சோறு. நோய் கட்டடத்தில் இருக்கின்றதா சோற்றில் இருக்கின்றதா என்று அறிய, இடையில் இரு சாராரின் இருப்பிடங்களையும் மாற்றினர், சோற்றை மாற்றவில்லை.

ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 120 பேர் இருந்தனர். வெள்ளையரிசி உண்டோருள் பலர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கல் உண்டோருள் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. அந்தப் பக்கத்தில் நோய் காணப்பட்டவர் இருவரே. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள்.

இம்முடிவைப் பிளெட்சர் 1907ஆம் ஆண்டில் லண்டனில் வெளிவரும் லான்செட் இதழில் எழுதினார். வரிசைப்படி ஆளைப் பிரித்து ஒப்பிடும் சோதனைக்கு எடுத்துக்காட்டாக மருத்துவ வரலாற்றாசிரியர் இன்றும் அதனை மேற்கோள் காட்டுகின்றனர். அக்கட்டுரையின் சிறப்பு எண்களில் மட்டும் இல்லை. முடிவைக் கூறியபின் பிளெட்சர் மூன்று வழிகளைத் திறந்தே வைத்தார். வெள்ளையரிசியில் நஞ்சு இருக்கலாம். அல்லது அதில் புரதம் குறைவாக இருக்கலாம். அல்லது அச்சோறு ஊட்டம் போதாமல் உடலைத் தளர்த்தி, ஏதோ ஒரு கிருமி எளிதில் பற்றுமாறு செய்யலாம். மூன்றுமே முழு உண்மை அல்ல என்பதை இன்று அறிவோம். எனினும் தம் சோதனை எதனை நிலைநாட்டியது, எதனை நிலைநாட்டவில்லை என்று பிரித்துக் காட்டியதால் பின்வந்தோர் அவர் நின்ற இடத்திலிருந்தே மேலே நடக்க முடிந்தது.

ஈண்டு ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. அந்த 18 பேரும் சோதனைக்கு இசைந்தவர்கள் அல்லர். இசைவு கேட்கும் வழக்கமே அன்று இல்லை. கேட்டாலும் விடை கூறும் நிலையில் அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். இன்றைய மருத்துவ அறம் அத்தகைய சோதனையை ஒப்பாது. அச்சோதனையால் பின்னர் எண்ணற்றோர் பிழைத்தனர் என்பதும் உண்மை. அதற்கு விலையாக உயிர் தந்தவர் பெயர்கள் ஆய்வுரைகளில் பேசப்படவில்லை என்பதும் உண்மை. ஓர் ஆய்வைத் திரும்பிப் பார்ப்பவர் இவ்விரண்டையும் ஒருங்கே பார்த்தல் வேண்டும்.

காட்டுப் பாதையில் கண்ட தெளிவு

மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் இதனை அடுத்த படிக்குக் கொண்டு சென்றனர். நெகிரி செம்பிலானில் டுரியான் தீப்புஸ் என்ற இடத்தில் காட்டை அழித்துச் சாலை போட்டுக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை அவர்கள் இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு வெள்ளையரிசி, மற்றதற்குப் புழுங்கல். சில திங்களில் வெள்ளையரிசிக் குழுவில் பெரிபெரி தோன்றியது. அவர்களுக்குப் புழுங்கல் கொடுத்ததும் புதிதாக நோய் தோன்றுவது நின்றது. நோயுற்றோர் தங்கிய கொட்டகைக்குச் சென்று தங்கிய புழுங்கல் குழுவினருக்கோ நோய் தொற்றவில்லை. கிருமிக் கொள்கைக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று.

அவர்களுடைய ஆய்வறிக்கைகள் 1909ஆம் ஆண்டிலும் 1911ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. வெள்ளையரிசியில் இருப்பது நஞ்சன்று. தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒரு நன்மை கழிந்துபோகின்றது என்பதே அவற்றின் சாரம். தவிட்டிலிருந்து சாராயத்தால் வடித்தெடுத்த சாற்றைக் கோழிகளுக்குக் கொடுத்து நோயைத் தடுத்துக் காட்டினர். எவ்வரிசி நல்லது எவ்வரிசி தீயது என்று வணிகரும் அரசும் எளிதில் அறிய ஓர் அளவும் வகுத்தனர். அரிசியிலுள்ள பாஸ்பரசை வேதியியலார் கணக்கிடும் முறைப்படி அளந்தால் நூற்றுக்கு 0.4 பங்குக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். பாஸ்பரசே மருந்து என்பது இதன் பொருள் அன்று. தவிடு எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்பதைக் காட்டும் அடையாளமே அது. 1910ஆம் ஆண்டில் மணிலாவில் கூடிய கீழ்த்திசை வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, தீட்டிய வெள்ளையரிசியையே முதன்மை உணவாகத் தொடர்ந்து உண்பதோடு பெரிபெரி தொடர்புடையது என்று தீர்மானம் செய்தது.

பத்தாண்டுகளுக்கு முன் கிருமியைக் காரணமாகக் கூறிய அதே கழகம், தன் முதல் தலைவரின் முடிவைத் தானே மறுத்து உண்மையை நாட்டியது. தன் கூற்றைத் தானே திருத்திக்கொள்ளும் துணிவு ஒரு கழகத்தின் தாழ்வன்று. அதுவே அதன் உயர்வு.

படேவியாவின் கோழிகள்

கோலாலம்பூர் ஆய்வுக்கு முன்னரே ஜாவாவில் இப்பொருள் ஆராயப்பட்டது. அன்று படேவியா எனப்பட்ட இன்றைய ஜகார்த்தாவில் டச்சு மருத்துவர் ஐக்மன் பணியாற்றினார். அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகள் திடீரென்று கால் தளர்ந்து விழுந்தன. பின்னர் திடீரென்று தேறின. வினவியபோது, மருத்துவமனைச் சமையற்கூடத்தில் மிஞ்சிய வெள்ளைச் சோறு அவற்றுக்கு இடப்பட்டதும், புதிதாக வந்த சமையற்காரர் படைவீரர் சோற்றை ஊர்க்கோழிக்கு ஈவதா என்று நிறுத்திவிட்டதும் தெரியவந்தன. அவ்வாறு நிறுத்தியதே கோழிகளைக் காத்தது. மாந்தரிடத்தும் இது பொருந்துமா என்று அறிய வோர்டர்மன் என்ற அதிகாரி ஜாவாவின் சிறைகளை ஆராய்ந்தார். தீட்டிய அரிசி உண்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் நோயுற்றனர். தவிடு நீங்காத அரிசி உண்ட சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவரே நோயுற்றனர்.

ஐக்மன் 1897ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை உயிர்ச்சத்து வரலாற்றின் தலைவாயில் எனப் போற்றப்படுகின்றது. ஆனால் அதில் அவர் கொண்ட கருத்து வேறு. வெள்ளையரிசியின் மாவுப்பொருள் குடலில் நஞ்சாகின்றது. தவிட்டுத்தோல் அந்நஞ்சை முறிக்கின்றது என்றே அவர் நினைத்தார். அவர் நாடு திரும்பியபின் அப்பணியை ஏற்ற கிரைன்ஸ், 1901ஆம் ஆண்டில் அதனை மாற்றியுரைத்தார். நஞ்சு எதுவும் இல்லை; நரம்புகளுக்கு இன்றியமையாத ஒரு பொருள் வெள்ளையரிசியில் இல்லாமையே நோய் என்றார். தமக்குப் பின்வந்தவர் கூற்றே சரி என்பதை ஐக்மன் சில ஆண்டுகளில் ஏற்றுக்கொண்டார். 1929ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கும் இங்கிலாந்தின் ஹாப்கின்சுக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. நோயுற்றிருந்ததால் ஐக்மன் நேரிற் செல்ல இயலவில்லை. எழுதி அளித்த உரையில் கோழிகளின் கதையையும் சமையற்காரரின் கதையையும் மறைக்காமல் கூறினார். தற்செயல் தமக்கு எவ்வளவு உதவிற்று என்பதைப் பரிசு மேடையிலும் அவர் ஒளிக்கவில்லை. கிரைன்சுக்கோ அப்பரிசில் பங்கு கிடைக்கவில்லை.

ஹாப்கின்சின் உரையும் கருதத்தக்கது. பாலுணவு பற்றி அவர் 1912ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை அத்துறையில் மிகுதியாக எடுத்தாளப்பட்டவற்றுள் ஒன்று. பரிசு பெற்றவர் தம் ஆய்வைப் புகழ்ந்து பேச வேண்டிய வேளையில், உயிர்ச்சத்து ஆய்வின் முற்கால வரலாறு என்பதையே அவர் தலைப்பாகக் கொண்டார். தமக்கு முன் இதே உண்மையின் ஓரத்தைத் தொட்டவர்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தினார். டச்சு மொழியில் எழுதப்பட்டதால் உலகம் கவனியாது விட்ட பெக்கல்ஹாரிங் என்பாரின் 1905ஆம் ஆண்டுக் கட்டுரையையும் அவ்வுரையில் அவர் நினைவுகூர்ந்தார். சிறிய மொழி ஒன்றில் எழுதப்பட்ட உண்மை பெரிய மொழியினர் காதில் விழப் பல்லாண்டு ஆயிற்று என்ற செய்தி, தமிழில் எழுதுவோர்க்கு ஒரு பாடமாகும்.

நஞ்சுக் கொள்கையை விட்டவர்

நம் பிராடனிடம் மீள்வோம். தம் பெருநூலில் நஞ்சுக் கொள்கையை நாட்ட அவர் அரும்பாடுபட்டவர். அத்தகையவர் அக்கொள்கையையே பற்றிக்கொண்டு வாதிடுவார் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் 1914ஆம் ஆண்டில் கூப்பர் என்பாருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் கூறுகின்றது. வெள்ளையரிசி உண்ணும் பறவைகளுக்கு மாவுப்பொருளை மேலும் மிகுதியாக ஊட்டினால் நோய் எவ்வாறு தோன்றுகின்றது என்பதை அவ்வாய்வு அளந்தது. உணவின் அளவு பெருகப் பெருக உயிர்ச்சத்தின் தேவையும் பெருகும் என்ற கருத்தின் முளை அதில் உண்டு. நஞ்சைத் தேடியவர் இப்போது குறைவை அளந்தார்.

அக்கருத்து சரி என்பதை இன்றைய உயிர்வேதியியல் உறுதி செய்கின்றது. பெரிபெரியைத் தடுப்பது பி1 உயிர்ச்சத்து. தயாமின் என்பதும் அதுவே. சோற்றிலுள்ள மாவுப்பொருளை உடல் ஆற்றலாக மாற்றுவதற்கு அது வேண்டும். ஆதலின் சோறு மிகுதியாகவும் துணையுணவு குறைவாகவும் உண்ணும் ஏழைத் தொழிலாளிக்கு அது மற்றவரினும் மிகுதியாகத் தேவை. நெல்லின் மேல்தோலிலும் முளையிலுமே அது பெரும்பாலும் தங்கியிருக்கின்றது. தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகின்றது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ அச்சத்தின் ஒரு பகுதி நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பின்னர் ஆலையில் தீட்டினாலும் அது முற்றிலும் நீங்குவதில்லை. தமிழ்த் தொழிலாளியைக் காத்தது இதுவே.

1912ஆம் ஆண்டில் பங்க் என்பார் அப்பொருளுக்கு வைட்டமின் என்ற பெயரை அமைத்தார். 1926ஆம் ஆண்டில் ஜான்சன், டோனாத் என்னும் இருவர் படேவியாவில் அதனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். ஆனால் அதில் கந்தகம் இருப்பதைக் கவனியாது விட்டனர். அதன் அமைப்பை முழுதும் தெளிந்து 1936ஆம் ஆண்டில் செயற்கையாக ஆக்கிக் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ். இவர் பிறந்தது சென்னைக்கு வடக்கேயுள்ள நெல்லூரில். 1910ஆம் ஆண்டளவில் மணிலாவில் தவிட்டுச் சாற்றோடு தொடங்கிய தேடலை அவர் கால் நூற்றாண்டு விடாது நடத்தினார். வாழ்வின் இறுதிக் காலத்தில், 1961ஆம் ஆண்டில், பெரிபெரியை வெல்லும் முயற்சியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வென்றுவிட்டோம் என்று அவர் தலைப்பிடவில்லை; வெற்றியை நோக்கி என்றே தலைப்பிட்டார். ஆய்வுக்கூடத்தில் சத்தைக் கண்டறிந்து செய்துவிட்டாலும், அது ஏழையின் தட்டுக்குச் சென்று சேரும் வரை பணி முடிவதில்லை என்பதை அத்தலைப்பே காட்டுகின்றது.

பெரிபெரி அவ்வளவு எளிதில் ஒழியவுமில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே கிடைத்தது சத்தற்ற அரிசியும் மிகச் சிறு துணையுணவும். காலரா, மலேரியா முதலியவற்றோடு பெரிபெரியும் அவர்களை வாட்டியது. தம் புழுங்கல் அரிசியால் ஒரு காலத்தில் தப்பிய மக்கள், அவ்வரிசி இல்லாத இடத்தில் அதே நோய்க்கு இரையாயினர். காரணம் அறிந்து நாற்பதாண்டுகள் கழிந்த பின்னரே இது நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது.

நாம் கொள்ள வேண்டுவது

இவ்வரலாற்றைக் கேட்டவுடன் நம்மவருள் சிலர், "உயிர்ச்சத்தை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்" என்று பெருமை பேச முற்படுவர். அது பொருந்தாது. நெல்லைப் புழுக்கியவர் அரிசி நொறுங்காமல் குற்றுவதற்காகவும், நாட்பட வைத்திருப்பதற்காகவும், பழக்கத்தாலும் சுவையாலுமே புழுக்கினர். பி1 உயிர்ச்சத்தை அவர்கள் அறியார். அறிய வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. ஆனால் இவர்களிடம் ஏதோ ஓர் உண்மை இருக்கின்றது என்று கண்டு, அதனைச் சோதிக்கப் புகுந்தவர் பிற நாட்டார். வழக்கத்தில் பயன் இருந்தது. பயனுக்குக் காரணம் கண்டது ஆய்வு. இரண்டையும் ஒன்றெனக் குழப்புவது வழக்கத்துக்கும் பெருமை தராது, ஆய்வுக்கும் பெருமை தராது.

அவ்வாறே, வழக்கத்தைப் பழமை என்று இகழ்ந்து தள்ளுவதும் தகாது. வெள்ளை வெளேரென்ற அரிசியே உயர்ந்தோர் உணவு, புழுங்கல் கூலிக்காரர் உணவு என்ற எண்ணம் நம்மிடையே ஒரு காலத்தில் வேரூன்றியது. பங்சார் ரப்பர்த் தோட்டமாயிருந்த காலம் போய் இன்று மாடமாளிகைகள் நிறைந்த பகுதியாகிவிட்டது. அருகிலுள்ள பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் புழுங்கல் அரிசி மூட்டை இன்றும் விற்பனையாகின்றது. அதனை வாங்குவோருள், நம் நகரிலேயே ஒரு நோயின் மறைபொருளைத் திறந்த திறவுகோல் அது என்று அறிந்தவர் எத்தனை பேர்?

வகுப்பறையில் இவ்வரலாற்றைக் கூறும் ஆசிரியர், கண்டுபிடித்தவர் இன்னார், ஆண்டு இன்னது என்று மட்டும் கூறி நிறுத்துவாராயின் அதன் உயிரை விட்டுவிடுவார். ரைட் கிருமி என்றார். பிராடன் நஞ்சு என்றார். ஐக்மனும் நஞ்சு என்றார். பிளெட்சர் மூன்று வழிகளைத் திறந்து வைத்தார். கிரைன்சும் பிரேசரும் ஸ்டாண்டனும் குறைவு என்றனர். இவர்களுள் பிராடனும் ஐக்மனும் தம் பழைய கூற்றை விட்டு முன்னே நடந்தனர். தேர்வில் விடையை மாற்றி எழுதிய மாணவனை அஞ்சச் செய்யாமல், ஏன் மாற்றினாய் என்று கேட்டு அவன் கூறும் காரணத்தைச் செவிமடுப்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறு வேண்டுவதில்லை.